பதினாறாம் தெரு சர்ச்

எங்க பக்கம் சின்னாளபட்டின்னா சுங்குடிச் சேலை, பக்கத்துலயே காந்திகிராமம். அந்தக் காந்திகிராமத்துக்கு 1959 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து ஒரு கறுப்பினப் பாதிரியாரும் அவர் சம்சாரமும் வந்துட்டுப் போனாங்க. அவருக்கு அப்ப வயசு முப்பது. பேரு மார்ட்டின் லூதர் கிங். அவரை அழைச்சதே காந்தி நினைவு நிதிதான். அதுக்கு அப்ப செயலாளரா இருந்தவர் ஜி. ராமச்சந்திரன், அவரும் சௌந்திரம் அம்மாவும் சேர்ந்துதான் காந்திகிராமத்தை உண்டாக்கினாங்க. மதுரை, திருவனந்தபுரம், கன்னியாகுமரின்னு கிங் சுத்திட்டுப் போனார்.

திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம். தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள்தான் அதிகம். தலைமையாசிரியர் அவரை மேடையில் அறிமுகப்படுத்தும்போது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிற உங்களைப் போன்ற இன்னொரு தீண்டப்படாதவர்னு சொன்னாராம். கிங்குக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, ஆமா, அதுதான் நான், எங்க நாட்டுல ஒவ்வொரு கறுப்பனும் அதுதான்னு புரிஞ்சுதுன்னு பின்னால 1965-ல் ஒரு பிரசங்கத்துல அவரே சொல்லியிருக்கார்.

இந்த விஷயத்தைப் படிச்சதுக்கப்புறம், இங்கிருந்து போனவர் அங்க என்னதான் செஞ்சார்னு தேடித் தேடிப் படிச்சேன். புத்தகமாவும் படிச்சேன், பையன் போன்ல எடுத்துக் கொடுத்ததையும் படிச்சேன். படிக்கப் படிக்க கிங்கை விட ஒரு கட்டிடம்தான் மனசுல நின்னுது. அலபாமா மாநிலத்துல பர்மிங்ஹாம்னு ஒரு ஊர். அங்க பதினாறாம் தெருவும் ஆறாவது அவென்யூவும் சேர்ற முக்குல இருக்கிற பாப்டிஸ்ட் சர்ச். குண்டு வச்சதால உலகத்துக்கே தெரிஞ்ச சர்ச்தான் அது. ஆனா குண்டுக்கு முந்தின கதையை யாரும் பெருசா பேசறதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாப் படுது.

முதல்ல பாப்டிஸ்ட்னா என்னன்னு சொல்லிடறேன். கிறிஸ்தவத்துல எத்தனையோ பிரிவு. இவங்ககிட்ட கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிஞ்ச வயசுல, தானா நம்பி வந்தாத்தான், அதுவும் தலைக்குத் தெளிக்கிறது இல்லை, தண்ணிக்குள்ள முழுசா முக்கி எடுக்கறது. அதை விட முக்கியம் நிர்வாகம். இவங்களுக்கு மேல பிஷப் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே பாத்துக்கும். பாதிரியாரை வச்சுக்கறதும் அனுப்பறதும் சபைக்காரங்க முடிவு. கட்டிடமும் அவங்களோடது. மேலிடத்துக் கடிதம் வந்து கதவைப் பூட்டச் சொல்ல முடியாது.

அடிமைகளா இருந்த கறுப்பின மக்களுக்கு இந்த ஏற்பாடு ஏன் அவ்வளவு பிடிச்சுதுன்னு யோசிச்சுப் பாருங்க. அடிமைக் காலத்துல அவங்க எஜமானோட சர்ச்சுக்குத்தான் போகணும். பின்வரிசையிலயோ மாடத்துலயோ உட்காரணும். எஜமானுக்குக் கீழ்ப்படின்னு பிரசங்கம் கேட்கணும். அடிமை வச்சிருக்கிறவன் ஊழியக்காரனாப் போகலாமான்னு ஒரு தகராறு வந்து, 1845-ல் தெற்கத்தி வெள்ளைக்காரப் பாப்டிஸ்டுகள் தனியாவே பிரிஞ்சு போனாங்க. அடிமை வச்சிருக்கறவன் பக்கம்தான் அவங்க நின்னாங்க. 1865-ல் உள்நாட்டுப் போர் முடிஞ்சு விடுதலை கிடைச்ச உடனே கறுப்பின மக்கள் கூட்டம் கூட்டமா வெளிய வந்து தனிச் சபை வச்சுக்கிட்டாங்க. நிலம் கொடுப்பாங்கன்னு பேச்சு இருந்துச்சு, கொடுக்கலை. ஓட்டுரிமை கொஞ்ச நாள் இருந்துச்சு, அதையும் பிடுங்கிட்டாங்க. கையில மிஞ்சின ஒரே சொத்து சர்ச்தான்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதின்னு நம்மாளு யாரும் மார்தட்ட வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துல ஒரே கோயிலுக்குள்ள சாதிக்கு ஒரு பக்கம்னு ரெண்டு கையா விரிச்சுக் கட்டி நடுவுல சுவரும் வச்சிருந்தாங்க. அந்தச் சுவரை இடிச்சதுக்கு கோர்ட் வரைக்கும் வழக்கு போச்சு.

பர்மிங்ஹாம் பழைய ஊர் கிடையாது. 1871-ல்தான் உண்டாச்சு. ரெண்டு ரயில் பாதை சேர்ற இடம். சுத்துவட்டாரத்துலயே இரும்புக்கல், நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூணும் கிடைச்சுது. மூணும் ஒரே இடத்துல கிடைச்சா இரும்பு உருக்கலாம். ஆலைகள் வந்துச்சு. பருத்திக் காட்டுல குத்தகைக்குக் கிடந்த கறுப்பினக் குடும்பங்கள் மூட்டையக் கட்டிக்கிட்டு வந்து சேர்ந்தாங்க. நம்ம பக்கத்து ஜனங்க திருப்பூருக்குப் போறாப்பல.

ஊர் உண்டான ரெண்டு வருசத்துல, 1873-ல், அந்த ஊர்க் கறுப்பின மக்களோட முதல் பாப்டிஸ்ட் சபை ஆரம்பமாச்சு. மொதல்ல ஒரு சின்னக் கட்டிடம். அப்புறம் வேற தெரு. பிறகு இப்ப இருக்கிற இந்த இடத்தை வாங்கி 1884-ல் ஒரு செங்கல் கட்டிடம் எழுப்பினாங்க. அப்ப பாதிரியார் வில்லியம் பெட்டிஃபோர்ட்.

இந்தப் பெட்டிஃபோர்ட் சாதாரண ஆள் இல்லை. பிரசங்கம் பண்ணிட்டு வீட்டுக்குப் போற ரகம் கிடையாது. சனிக்கிழமை கூலி வாங்கின கையோட ஜனங்க அதைச் செலவழிச்சுட்டுத் திங்கக்கிழமை கடனுக்கு அலையறதைப் பாத்தார். வெள்ளைக்கார வங்கிக்குள்ள போனா மரியாதையும் இல்லை, கடனும் இல்லை. 1890-ல் தானே சேர்ந்து ஒரு வங்கி ஆரம்பிச்சார். பேரு அலபாமா பென்னி சேமிப்பு வங்கி. பென்னின்னா நம்ம காலணா மாதிரி. ஒரு காசு இருந்தாலும் கொண்டாந்து போடுன்னு அர்த்தம். 1893-ல் அமெரிக்கா முழுக்கப் பெரிய பண நெருக்கடி வந்து வங்கிகள் வரிசையாச் சாய்ஞ்சுது. இந்தக் காலணா வங்கி தாக்குப்பிடிச்சுது. அதுல கடன் வாங்கி எத்தனையோ பேர் சொந்த வீடு கட்டினாங்க. அந்தக் காலத்துல கறுப்பின மக்கள் நடத்தின பெரிய வங்கிகள்ல அதுவும் ஒண்ணு. 1915-ல் மூடிட்டாங்க, அது வேற கதை. நான் சொல்ல வந்தது, காசு சேர்க்கிற பழக்கமும் கணக்கு வழக்கும் அந்தச் சபையில ஊறிப் போயிருந்துச்சு.

1908-ல் நகர நிர்வாகம், உங்க கட்டிடம் லாயக்கில்லை, இடிச்சிருங்கன்னு உத்தரவு போட்டது. கட்டி இருபத்தஞ்சு வருசம்கூட ஆகலை. உத்தரவு போட்டவங்க ஓட்டுக்கேட்டு இவங்ககிட்ட வரவேண்டிய அவசியமே இல்லை, ஏன்னா இவங்களுக்கு ஓட்டே இல்லாமப் பண்ணியாச்சு. சரின்னு இடிச்சாங்க. இடிச்ச இடத்துல முன்னை விடப் பெருசாக் கட்ட முடிவு பண்ணினாங்க.

அந்தக் கட்டிடத்துக்கு வரைபடம் போட்டவர் வாலஸ் ரேஃபீல்ட். கறுப்பினத்தவர். முறையா கட்டிடக்கலை படிச்சவர். டஸ்கிகியில புக்கர் டி. வாஷிங்டன் நடத்தின கல்லூரியில வாத்தியாரா இருந்துட்டு, பர்மிங்ஹாமுக்கு வந்து தனியாத் தொழில் தொடங்கினார். அந்தக் காலத்துல அமெரிக்கா முழுக்கவும் இப்படிப் படிச்ச கறுப்பினக் கட்டிடக் கலைஞர்களை விரல் விட்டு எண்ணிடலாம். கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டினது வின்ட்ஹம். அவரும் கறுப்பினத்தவர், அந்தச் சபையிலயே அங்கத்தினர். 1911-ல் வேலை முடிஞ்சுது. செலவு 26,000 டாலர். காணிக்கை போட்டவங்க வீட்டு வேலை செஞ்ச பொம்பளைங்க, ஆலையில வேலை செஞ்சவங்க, டீச்சருங்க, டாக்டருங்க, கடைக்காரங்க.

ரேஃபீல்டைப் பத்தி இன்னொண்ணு. அவர் 1941-ல் இறந்தார். அதுக்கப்புறம் மறந்தே போயிட்டாங்க. 1993-ல் பர்மிங்ஹாம் பக்கத்துல ஒருத்தர் ஒரு பழைய தொழுவத்தைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டிருந்தப்ப, உள்ள தகடு தகடா ஏதோ கிடந்திருக்கு. எடுத்துப் பாத்தா அச்சுக்கு வச்சிருந்த உலோகத் தகடுகள், நானூறுக்கு மேல. அதுல சர்ச்சும் வீடும் பள்ளிக்கூடமுமா ரேஃபீல்ட் போட்ட படங்கள். ஒரு மனுசனோட வாழ்நாள் உழைப்பு மாட்டுக்கொட்டகையில கிடந்திருக்கு. எங்க ஊர்லயும் பழைய பத்திரம், ஓலை எல்லாம் தொழுவத்துப் பரண்லதான் கிடக்கும். ஒண்ணு கரையான் தின்னும், இல்லைன்னா பிரிக்கிறவன் பாத்து எடுக்கணும்.

கட்டிடம் எப்படின்னா, முன்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு கோபுரம், கூரான குவிமாடம். நடுவுல தெருவுல இருந்து ஏறிப்போக அகலமான படி. மேல பெரிய ஆராதனை மண்டபம், மாடம், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். அதுக்குக் கீழ பேஸ்மெண்ட். நம்மூர்க் கொத்தனாரு பேஸ்மட்டம்னு சொல்றது வேற, அது கடைக்காலுக்கு மேல வர்ற மட்டம். அங்க பேஸ்மெண்ட்னா தரைமட்டத்துக்குக் கீழ ஒரு முழு ஹாலு, சுத்தி அறைகள். இந்தக் கீழ் ஹாலை மனசுல வச்சுக்குங்க.

பர்மிங்ஹாம்ல அப்ப இருந்த சட்டத்துல, கறுப்பரும் வெள்ளையரும் ஒண்ணா உட்கார்ந்து தாயம் மாதிரி ஒரு கட்டம் விளையாடினாக்கூடக் குற்றம். ஹோட்டல் தனி, பள்ளிக்கூடம் தனி, பஸ் சீட்டு தனி. அப்ப கூட்டம் போடறதுக்கு, கச்சேரி வைக்கிறதுக்கு, பெரிய மனுசர் யாராவது வந்தாப் பேச வைக்கிறதுக்கு வேற எங்க போவாங்க? அந்த சர்ச்தான். டூபாய்ஸ் மாதிரி அறிஞர்கள், பால் ராப்சன் மாதிரி பாடகர்கள் எல்லாம் அங்க வந்திருக்காங்க. பிரார்த்தனைக் கூடம்னு மட்டும் நினைச்சீங்கன்னா பாதிதான் நினைச்சதாகும். அது அந்த ஏரியாவோட சாவடி.

சாவடின்னு நான் சொல்றப்ப டவுன்ல பொறந்தவங்களுக்குச் சட்டுன்னு பிடிபடாம இருக்கலாம். நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க ஊர்ச் சாவடித் திண்ணையில உட்கார்றவங்க இருந்தாங்க, கீழ வெயில்ல நின்னுக்கிட்டே பேசறவங்க இருந்தாங்க. வழக்கு ரெண்டு பேருக்கும்தான், தீர்ப்பு சொல்றது மேல உட்கார்ந்தவங்க. பின்னால காலனிக்குள்ள அவங்களுக்குன்னு ஒரு கூடம் வந்துச்சு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான். ஆனா அந்தக் கூடம் வந்த மறு வருசமே அறுப்புக்கூலி பேசறப்ப பேச்சுத் தோரணை மாறிப் போச்சு. முதல்ல தங்களுக்குள்ள உட்கார்ந்து பேசி முடிச்சுட்டுத்தான் நம்மகிட்ட வந்தாங்க. கூலி கொடுக்கிற பக்கம் நின்ன எனக்கு அப்ப அது ரசிக்கலை, அது வேற விஷயம். உட்கார்றதுக்கு ஒரு இடம்னா என்னன்னு அன்னைக்குப் பார்த்ததுதான்.

இங்க ஒண்ணை நேர்மையாச் சொல்லணும். போராட்டத்துல பதினாறாம் தெரு சர்ச் முன்வரிசையில ஒண்ணும் நிக்கலை. அது வசதிப்பட்டவங்க, படிச்சவங்க வர்ற சபைன்னு பேரு. உண்மையான சூடு காலேஜ்வில்ன்னு ஆலைத் தொழிலாளிங்க இருந்த ஏரியாவுல, பெத்தேல் பாப்டிஸ்ட் சர்ச்சுல இருந்துச்சு. அங்க பாதிரியார் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த். 1956 கிறிஸ்துமஸ் ராத்திரி அவர் படுத்திருந்த வீட்டுக்குக் குண்டு வச்சாங்க. வீடு சரிஞ்சுது, மனுசன் எழுந்து நடந்து வெளிய வந்தார். அதுக்கப்புறம் சபைக்காரங்களே ராத்திரி முறை போட்டுக் காவல் இருந்தாங்க. 1958-ல் சர்ச் பக்கத்துல ஒரு பெயிண்ட் டப்பாவுல புகை வர்றதைப் பாத்த காவல்காரர், அதைத் தூக்கிட்டுப் போய் நடுத்தெருவுல வச்சுட்டு ஓடினார். தெருவுல வெடிச்சுது. சுரங்க ஊரு, டைனமைட் சுலபமாக் கிடைக்கும். எத்தனையோ வீடு, எத்தனையோ சர்ச். குண்டு வச்சவன் ஒருத்தனும் அப்ப உள்ள போகலை. ஊருக்கே பாம்மிங்ஹாம்னு பட்டப்பேரு விழுந்துச்சு.

1963-ல் கிங்கும் ஷட்டில்ஸ்வொர்த்தும் சேர்ந்து பர்மிங்ஹாம்ல பெரிய போராட்டம் தொடங்கினப்ப, ஊர் நடுவுல, கடைவீதிக்கு நடந்து போற தூரத்துல, ஆயிரக்கணக்குல ஆள் கூட ஒரு இடம் தேவைப்பட்டுச்சு. பதினாறாம் தெரு சர்ச் தோதா இருந்துச்சு. எதிர்லயே கெல்லி இங்ரம் பூங்கா. சபையில தயக்கம் இருந்தும் கதவு திறந்தது. ஏப்ரல்ல கிங்கைப் பிடிச்சு ஜெயில்ல போட்டாங்க. பெரியவங்க மறியலுக்கு வர யோசிச்சாங்க. வேலை போயிரும், வாடகை வீட்டுல இருந்து துரத்துவாங்க, எல்லாம் நியாயமான பயம்தான். அப்பத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கலாம்னு முடிவாச்சு. அதுல எனக்கு இன்னைக்கும் முழுச் சம்மதம் கிடையாது. அன்னைக்கும் பல பேர் திட்டினாங்க. ஆனா அந்தப் பிள்ளைகள் தானா வந்தாங்கங்கறதும் நிஜம்.

மே 2-ம் தேதி ஆயிரத்துக்கும் மேல பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு அந்த சர்ச்சுக்கு வந்தாங்க. அடிச்சாலும் திருப்பி அடிக்கக் கூடாதுன்னு காந்தி வழியில பயிற்சி கொடுத்திருந்தாங்க. முன்கதவு திறக்கும், அம்பது பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கிட்டு வரிசையா வெளிய வருவாங்க. போலீஸ் பிடிச்சு வண்டியில ஏத்தும். கதவு மறுபடி திறக்கும், இன்னொரு அம்பது. அன்னைக்கு மட்டும் நூத்துக்கணக்குல கைது. ஜெயில்ல இடம் பத்தலை. மறுநாள் காவல்துறையைக் கையில வச்சிருந்த புல் கானர்ங்கறவர், தீயணைப்பு வண்டிக் குழாயையும் நாய்களையும் ஏவிவிட்டார்.

ஏழரை எச்பி மோட்டார் தண்ணி குழாய் வாய்ல விழறப்ப நேராக் கையை வச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும், கை நிக்காது. அது மாதிரி பல மடங்கு வேகம். மரத்துப் பட்டையே உரிஞ்சு வரும்னு எழுதியிருக்காங்க. அதைப் பத்துப் பன்னெண்டு வயசுப் பிள்ளைகள் மேல அடிச்சாங்க. படம் உலகம் முழுக்கப் பத்திரிகையில வந்துச்சு. ஒரே வாரத்துல, மே 10-ம் தேதி, கடைக்காரங்க இறங்கி வந்து ஒப்பந்தம் போட்டாங்க. சாப்பாட்டுக் கவுண்டர், கழிப்பறை, குடிதண்ணி இதுல எல்லாம் பாகுபாடு போகும்னு ஏற்பாடாச்சு.

எதிரிகளுக்கும் இது புரிஞ்சு போச்சு. இந்தக் கதவுல இருந்துதான் எல்லாம் வெளிய வருது.

செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அன்னைக்கு இளைஞர் ஞாயிறு. ஞாயிறு பாடத்தோட தலைப்பு மன்னிக்கிற அன்பு. கீழ் ஹால்ல பெண்களுக்கான அறையில அஞ்சு பொண்ணுங்க கண்ணாடி முன்னாடி நின்னு உடுப்பைச் சரிபண்ணிக்கிட்டு இருந்தாங்க. ஆடி மே காலின்ஸ், கரோல் ராபர்ட்சன், சிந்தியா வெஸ்லி மூணு பேருக்கும் 14 வயசு. டெனிஸ் மெக்நேருக்கு 11. ஆடி மேயோட தங்கச்சி சாராவுக்கு 12. டெனிஸ் தன் இடுப்புப் பட்டியைக் கட்டிவிடச் சொன்னா, ஆடி மே கட்டிக்கிட்டு இருந்தா. சாரா கடைசியாப் பாத்தது அதுதான். காலை 10:22. வெளிப்படிக்கு அடியில ராத்திரியே வச்சிருந்த டைனமைட் வெடிச்சுது. நாலு பொண்ணுங்களும் போயிட்டாங்க. சாராவுக்கு ஒரு கண்ணு போச்சு. இருபதுக்கு மேல காயம். அன்னைக்கே ஊருக்குள்ள இன்னும் ரெண்டு கறுப்பினப் பையன்களைச் சுட்டாங்க. ஒருத்தனைப் போலீஸ், இன்னொருத்தனை வெள்ளைக்காரப் பசங்க. அவன் அண்ணன் ஓட்டின சைக்கிள்ல முன்னாடி உட்கார்ந்து போயிட்டிருந்தான், வயசு 13.

கட்டிடம் விழலை. ரேஃபீல்ட் போட்ட படம், வின்ட்ஹம் வச்ச செங்கல். ஒரு பக்கச் சுவர் பேந்து போச்சு, படி போச்சு, வண்ணக் கண்ணாடி எல்லாம் சிதறிப் போச்சு. ஒரே ஒரு சன்னல் மட்டும் மிஞ்சிச்சு. அதுல இயேசுநாதர் உருவம் இருக்கு, முகம் மட்டும் இல்லை.

செய்தவங்க நாலு பேர்னு 1965-லயே எஃப்பிஐ கண்டுபிடிச்சுருச்சு. ஆனா அதோட தலைமை வழக்கை நகர விடலை. 1968-ல் கோப்பை மூடிட்டாங்க. ராபர்ட் சாம்பிளிஸ்ங்கறவனுக்கு 1963-ல் டைனமைட் வச்சிருந்ததுக்காக 100 டாலர் அபராதம் போட்டாங்க. 1977-ல் அலபாமா அட்டர்னி ஜெனரல் பில் பாக்ஸ்லி வழக்கைத் தோண்டி எடுத்து அவனுக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்தார். இன்னொருத்தனுக்கு 2001, மூணாமவனுக்கு 2002. நாலாமவன் வழக்கே இல்லாம 1994-ல் செத்தான். டெனிஸைப் பெத்தவங்க கடைசித் தீர்ப்பைக் கேட்கறதுக்கு 39 வருசம் ஆச்சு. சாராவுக்கு அலபாமா கவர்னர் மன்னிப்புக் கடிதம் எழுதினது 2020-ல்.

சர்ச் அதைவிட வேகமா எழுந்திருச்சது. உலகம் பூராவும் இருந்து காசு வந்துச்சு, மூணு லட்சம் டாலருக்கு மேல. 1964 ஜூன் 7-ம் தேதி மறுபடி ஆராதனை. அடுத்த மாசம் பாகுபாட்டை ஒழிக்கிற சட்டம் வாஷிங்டன்ல கையெழுத்தாச்சு, அதுக்கடுத்த வருசம் ஓட்டுரிமைச் சட்டம். குண்டு வெடிச்ச அன்னைக்கே, இதுக்குப் பதில் ஓட்டுரிமைதான்னு டயான் நாஷும் ஜேம்ஸ் பெவலும் உட்கார்ந்து திட்டம் எழுதினாங்க. நாலு பிள்ளைகள் செத்ததாலதான் சட்டம் வந்துச்சுன்னு சிலர் சுலபமா எழுதிடறாங்க. எனக்கு அது ஒப்பலை. தொண்ணூறு வருசமா காலணா காலணாவாச் சேர்த்து, ஒரு கட்டிடத்தைக் கட்டி, இடிச்சு, கட்டி, அதுக்குள்ள உட்கார்ந்து பேசக் கத்துக்கிட்டாங்களே, கணக்கை அங்கிருந்து தொடங்கணும்.

2006-ல் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமா அறிவிச்சாங்க, 2017-ல் அந்தத் தெருவையும் பூங்காவையும் சேர்த்துத் தேசிய நினைவிடம் ஆக்கினாங்க. அதெல்லாம் ஆன சர்ச்சுக்கும் கடைசியில நம்ம வீட்டுக்கு வர்ற அதே தொந்தரவுதான் வந்துச்சு, சுவருக்குள்ள தண்ணி இறங்கி கீழ் ஹால்ல ஊறல். செங்கல்லைக் குண்டு சாய்க்கலை, ஈரம் சாய்ச்சிரும் போல இருந்துச்சு. மறுபடி வசூல் பண்ணி மராமத்துப் பாத்தாங்க. இன்னைக்கும் அது மியூசியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கிற சபைதான்.

அந்தச் சன்னல் விஷயத்தைச் சொல்லி முடிச்சுக்கறேன். பிரிட்டன்ல வேல்ஸ்னு ஒரு பகுதி. அதுவும் நிலக்கரிச் சுரங்க பூமி. அங்க ஜான் பெட்ஸ்னு ஒரு கண்ணாடி ஓவியர், சர்ச்சுல குண்டு வெடிச்ச செய்தியை ரேடியோவுல கேட்டார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. நான் ஒரு சன்னல் செஞ்சு தர்றேன்னு வெஸ்டர்ன் மெயில் பத்திரிகை ஆசிரியர் டேவிட் கோலுக்குப் போன் பண்ணினார். அவர் உடனே வசூல் தொடங்கினார். ஆனா ஒரு நிபந்தனை போட்டார். யாரும் அரை கிரவுனுக்கு மேல கொடுக்கக் கூடாது. அரை கிரவுன்னா அவங்க கணக்குல ரெண்டரை ஷில்லிங், ஒரு பவுனுல எட்டுல ஒரு பங்கு. ஏதோ ஒரு பணக்காரன் மொத்தமாக் கொடுத்துட்டுப் பேர் வாங்கிட்டுப் போயிரக் கூடாதுன்னுதான். பிள்ளைகள் எல்லாம் வரிசையில நின்னு காசு போட்டாங்க.

1965-ல் அந்தச் சன்னல் முன்வாசலுக்கு மேல, மாடத்துல ஏறிச்சு. கை ரெண்டையும் விரிச்ச கறுப்பு இயேசு, தலைக்கு மேல வானவில். ஒரு கை அநியாயத்தைத் தள்ளுது, ஒரு கை மன்னிச்சு ஏத்துக்குது. காலடியில, எனக்கே செய்கிறீர்கள்ங்கற அர்த்தத்துல பைபிள் வார்த்தை.

நம்ம கோயில்ல ஒரு டியூப்லைட் வாங்கி மாட்டினாலே, வெளிச்சம் பாதி மறையற அளவுக்கு உபயம்னு பேர் எழுதிடுவோம். எங்க ஊர்க் கும்பாபிஷேகக் கல்வெட்டுல யார் பேர் மேல வரணும்ங்கற சண்டையில, கல்லு மூணு மாசம் கொத்தாமலே வாசல்ல கிடந்துச்சு. பர்மிங்ஹாம் சன்னலுக்குக் காசு போட்டவங்க ஆயிரக்கணக்கான பேர். ஒருத்தர் பேரும் அதுல கிடையாது. வேல்ஸ் மக்கள் கொடுத்ததுன்னு மட்டும் போட்டிருக்கு.